பின்னால் போகத் தெரியாத வண்டி

விமானத்தோடு விமானம் மோதியது என்று சொன்னால் கோவில்பட்டியில் யாரும் முதலில் கேட்பது, "எத்தனை பேரு போயிட்டாவ?" என்பதுதான். ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, இரண்டும் தரையில்தான் இருந்தன என்று பதில் சொன்னால் கேட்டவர் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் தெரியும். "அப்ப பஸ் ஸ்டாண்டுல உரசுத மாதிரிதானா?" என்று டீயை முடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வதில் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டில் உரசுகிற மாதிரிதான். ஆனால் பஸ் உரசினால் டிரைவர்கள் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடும். எங்களிடத்தில் அப்படி முடியவில்லை.

நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. பல வருஷம் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டினேன். இடுப்பு ஒத்துக்கொள்ளாமல் போனதும், ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். விமானங்கள் நிற்கிற தளத்தில் அவற்றுக்கு முன்னால் நின்று கை காட்டி, வரவழைப்பதும் அனுப்புவதும் நிறுத்துவதும் என் வேலை. லாரிக்குக் கிளீனர் செய்ததை விமானத்துக்கு நான் செய்கிறேன் என்பாள் என் வீட்டுக்காரி. ஒரு வித்தியாசம் உண்டு. கிளீனர் "வரலாம், வரலாம், ரைட்டு" என்று கத்தலாம், பக்கத்துப் பலகையைத் தட்டலாம். இங்கே எஞ்சின் சத்தத்தில் நான் கத்தினால் எனக்கே கேட்காது. எல்லாம் கைதான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போல வைத்தால் நில் என்று அர்த்தம்.

சின்ன விமானம் ஆகாயத்தில் எவ்வளவு லாகவமோ, தரையில் அவ்வளவு அசடு. கல்யாணக் கூட்டத்துக்குள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறவன் கதைதான். முன்னால் பார்த்து நடந்தால் பின்னால் யாரையாவது இடிக்கும். ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். இறக்கை தலைக்கு மேலே இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும். அதன் நுனி எங்கே முடிகிறது என்று அவர் நினைத்துக்கொள்வது ஓர் இடம், அது முடிவது வேறோர் இடம். போதாக்குறைக்கு ரிவர்ஸ் கிடையாது. லாரியில் தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். விமானத்தை ஆள்தான் தள்ள வேண்டும். எடை அதிகமில்லை, இரண்டு பேர் தள்ளினால் கன்றுக்குட்டி மாதிரி பின்னால் போகும். ஆனால் தள்ள வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் தளத்தில் மஞ்சள் கோடு போட்டு, எது எங்கே நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மேலாளர் அண்ணாச்சிக்கு மஞ்சள் கோட்டைவிடப் பஞ்சாங்கம் முக்கியம். பட்டாசும் தீப்பெட்டியும் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். நெருப்போடு பிழைத்தவர்களுக்குப் பயமும் பக்தியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ராகு காலம் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். என்னை இன்னும் "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார், அதில் மரியாதை உண்டு.

மோதலில் அகப்பட்ட பெண் நாகலாபுரத்துப் பக்கத்தவள். மானாவாரி விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தகப்பனாரை நைனா என்பாள். வெளியே வந்தால் நம்ம ஊர்த் தமிழ்தான். அவளோடு சேர்ந்த மாணவர்கள் எல்லோரும் முதன்முறை தனியாகப் பறந்துவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதுதான் அது. இறங்கி வருகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் வழக்கமாம். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளே திருவிழா என்பதால் ஒரு வாளிக்கு மேல் கிடையாது. மற்ற எல்லோர் தலையிலும் வாளியைப் பிடித்து ஊற்றியவள் அவள்தான். அவள் தலை மட்டும் காய்ந்து கிடந்தது.

முதல் தடவை குறித்த நாளில் குறுக்குக் காற்று. அடுத்த தடவை காய்ச்சல். இரண்டு தடவை தட்டிப்போனதும் சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்களாம். "மூணாவதும் தட்டிப்போச்சுன்னா சாமியே வேண்டாங்குதுன்னு அர்த்தம்னு எங்க பெரியம்மா சொல்லுதாங்க அண்ணே. அதோட கூட்டிட்டுப் போயிருவாங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. தகப்பனார்தான் விஜயதசமியன்று வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் ஏடு தொடங்குகிற நாள், தொடங்கினது தடைப்படாது. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ராணுவ விமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர். காற்று இடம் கொடுத்தால் சரி என்றார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூசை. லாரிக்குச் செய்கிற அத்தனையும் விமானத்துக்கும் செய்வோம். மூக்கில் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம். எஞ்சினை ஓட்டிப் பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அந்த வருஷம் சாமி படத்துக்குப் போட்ட சாமியானா சின்னது. எல்லா விமானமும் அதன் முன்னால் ஒரே வரிசையாகத் தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி அவற்றைக் கோட்டை விட்டு நெருக்கி நிறுத்தச் சொன்னார்.

"கோட்டை விட்டு நகட்டினா இறக்கை இடிக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"ஒரு நாளுதான டிரைவரே. சாமிக்கு முன்னால எல்லாப் புள்ளையளும் ஒட்டி நிக்கட்டும்."

முதல் விமானத்தில் சென்னையிலிருந்து வந்த இளம் பயிற்சியாளர். இரண்டாவதில் அந்தப் பெண். எங்கள் பள்ளியில் தரையில் தனியாக ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஆகாயத்தில் தனியாக விடுவார்கள். அந்த அனுமதியை அவள் வாங்கியிருந்தாள். மறுநாள் பறக்கப் போகிற பெண் கையால் ஒரு விமானம் பழத்தில் ஏறட்டும் என்று அண்ணாச்சிதான் ஆசைப்பட்டார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதல் விமானம் பழத்தை நசுக்கி, நகர்ந்து, ஓடுபாதைக்குப் போகிற வழியின் வாயில் திரும்பி நின்றுவிட்டது. காலையில் வந்த தண்ணீர் லாரி காட்டுச் சேற்றைச் சக்கரத்தில் அப்பிக் கொண்டுவந்து அங்கே வாரி இறைத்திருந்தது. கரிசல் சேறு செருப்போடு ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளும். மூக்குச் சக்கரத்தை விடுமா? எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு வழிக்க ஓடினார்கள். பயிற்சியாளர் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ராகு காலம் நெருங்குகிறது என்று அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அழைக்கிற மாதிரி கையை ஆட்டி, வா வா என்றார். மேலாளர் கூப்பிட்டால் மாணவி என்ன செய்வாள்? அவள் எஞ்சினை ஓட்டி, பழத்தில் ஏறி, ஒரு விமான நீளம் முன்னால் வந்தாள். நான் ஓடிப் போய்க் கையைத் தலைக்கு மேலே குறுக்கே போட்டேன். நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து முன் கண்ணாடிக்குக் கீழே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். எஞ்சின் அணைந்துவிட்டது, ஆள் பக்கத்தில் வரலாம் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் அடையாளம். பிறகு சன்னலைத் திறந்து, "அண்ணே, இங்கன இடம் பத்தாது. பின்னால தள்ளிருங்க" என்றாள்.

நான் இன்னோர் ஆளைக் கூப்பிட்டேன். அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார்.

"என்ன செய்யுதீரு? பழத்துல ஏறின வண்டியப் பின்னால எடுக்கவா? பூசை அன்னைக்கா?"

"இடமில்ல அண்ணாச்சி."

"இருக்கிற இடத்துல இருக்கட்டும். முன்னால உள்ளது போனதும் இது போவும். பின்னால ஒரு அடி போவக் கூடாது."

லாரிக்காரன் எனக்கும் அந்தச் சம்பிரதாயம் தெரியும். நானும் எத்தனையோ பூசையில் பழம் நசுக்கியிருக்கிறேன். நசுக்கிய லாரியைப் பின்னால் எடுத்ததில்லை. அதனால் அவர் சொன்னது எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. தள்ள வந்தவன் கையை எடுத்துவிட்டான். அதற்குள் முன்னால் இருந்த பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது. சேற்றை இப்போதைக்கு வழித்து முடிக்க மாட்டார்கள் என்று, விமானத்தை வட்டமடித்துத் திருப்பி வரிசைக்கே வரப் பார்த்தார். திரும்பும்போது அவர் கண் இடது பக்கம் சாமியானாக் கம்பின் மேல் இருந்தது. வலது இறக்கை வந்து அவளுடைய இறக்கையில் அடித்தது. பெரிய இட்லிக் கொப்பரையின் மூடி சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவளுடைய இறக்கை நுனி நொறுங்கி, பின்விளிம்பில் அசைகிற தகடு வளைந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சாயங்காலம் தலைமைப் பயிற்சியாளர் அறையில் விசாரணை. பயிற்சியாளர் முதலில் பேசினார். "நான் திரும்பறப்போ அவ நகர்ந்து வந்துட்டிருந்தா சார்." அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. முதலில் பார்த்தபோது அவள் வரிசையில் இருந்தாள். இடித்தபோது வெளியே இருந்தாள். நடுவில் உள்ளதை மனசு தானாக நிரப்பிக்கொண்டது.

"நான் நிறுத்திட்டேன் சார். சாவிய எடுத்து வச்சிட்டேன். பின்னால தள்ளச் சொன்னேன்" என்றாள் அவள்.

"யார் கிட்ட?"

அவள் என்னையும் அண்ணாச்சியையும் பார்த்தாள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைமைப் பயிற்சியாளர் கேட்டுவிட்டு, "கை காட்டுறவர் நீங்க. அவ நகர்ந்திருந்தா தப்பு உங்க மேலயும் வரும். அதனால உங்க பேச்சை மட்டும் வச்சு நான் முடிவு பண்ண முடியாது" என்றார். நியாயம்தான். செல்போனில் படம் எடுத்தவர்கள் அத்தனை பேரும் முதல் விமானத்தையே எடுத்திருந்தார்கள். அவளுடையது பூசைக்குக் கட்டிய வாழைமரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான் பூசை வேலையா நின்னேன் சார். சரியா கவனிக்கல."

விஷயம் தெளிவாகிற வரைக்கும் அவள் தனியாகப் பறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பயிற்சியாளருக்கு எச்சரிக்கையோடு சரி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவள் அழவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு விடுதிக்கு நடந்தாள். நான் அண்ணாச்சியை வெளியே மறித்துக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பூசை பண்ணினதாலதான் மோதிச்சுன்னு நாளைக்கு ஊருக்குள்ள பேசுவானுவ டிரைவரே. சாமி காரியத்துக்குப் பழி வரலாமா?"

"அந்தப் புள்ளைக்கு வரலாமா?"

"சின்னப் புள்ள. நாலு நாள்ல மறந்துரும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அன்று எனக்கு அவர் மேல் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அவள் வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையாம். வேனிலிருந்து தகப்பனார், தாயார், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெரியம்மாவும் வந்திருந்தார். முந்தின வாரம்தான் நல்ல மழை விழுந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தாக வேண்டிய நேரம். அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெரியம்மாவின் பேரனைக் கடம்பூருக்கு அனுப்பிப் போளி வாங்கிவரச் சொல்லி, பெட்டி பெட்டியாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள்.

மோதியதையும் இன்றைக்குப் பறக்க முடியாது என்பதையும் மட்டும் நான்தான் தகப்பனாரிடம் சொன்னேன். அவர் மகளைத் திட்டவில்லை. பெரியம்மா, "நான் அப்பவே சொன்னேன்லா?" என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு நேரே அண்ணாச்சியிடம் போனார். முன்பு ஒரு தடவை பார்த்தபோது அண்ணாச்சி பஞ்சாங்கம் புரட்டி ஏதோ சொன்னது அவர் மனசில் பதிந்திருக்கிறது.

"இன்னைக்கு இல்லேன்னா பரவாயில்ல அண்ணாச்சி. மூணு தடவ தட்டிப்போச்சு, வேண்டாம்னு இவங்க எல்லாரும் சொல்லுதாங்க. நாள் பாக்குததுல உங்களுக்கு மிஞ்சி ஆளு கிடையாது. நீங்க நல்லதா ஒரு நாள் பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நான் இவங்க வாய அடைச்சிருவேன். உங்களத்தான் நம்பியிருக்கேன்."

சொல்லிவிட்டு ஒரு போளியை எடுத்து அண்ணாச்சி கையில் வைத்தார். "வாங்கினது வாங்கியாச்சு. சாப்பிடுங்க" என்று எங்கள் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். வேன் திரும்பிப் போகிற வரைக்கும் அண்ணாச்சி அந்தப் போளியைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நெய் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, "டிரைவரே, கூட வாரும்" என்றார். தலைமைப் பயிற்சியாளர் அறைக்குள் போய் உட்காராமலே சொன்னார். "நான்தான் சார் அந்தப் புள்ளைய வரச் சொன்னேன். அது நிறுத்திட்டு, எஞ்சினை அணைச்சிட்டு, பின்னால தள்ளச் சொல்லுச்சு. பழத்துல ஏறினதுன்னு நான்தான் தள்ள விடல. இவரு சொன்னது முச்சூடும் நெசம்."

"நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து சாமியக் காப்பாத்தணும்னு நெனச்சேன் சார். சாமிக்கு என் தயவு வேண்டியதில்ல" என்றார் அண்ணாச்சி.

உண்மை தெரிந்துவிட்டால் மறுநாளே பறக்கவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். விதிகளுக்கென்று ஒரு நடை உண்டு. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு, காட்டுக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள் இறக்கையை ஆட்டாமல் நின்றதைப் பார்த்துவிட்டுத் தலைமைப் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "இப்பப் போறியா?"

திங்கட்கிழமை காலையில் அந்த நேரம் என்னவென்று எங்கள் ஊரில் நாள்காட்டி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ராகு காலம். அவளுக்கும் தெரியும். "போறேன் சார்" என்றாள்.

விமானம் மழைக்காகக் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்து நின்றது. வெளியே எடுக்க வேண்டுமானால் பின்னால்தான் தள்ள வேண்டும். அவள் வந்து தள்ளுவதற்குக் கை வைத்தாள். நான் மறுபக்கம் போவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்கன பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"இறக்கையத் தாங்குத கம்பியப் பிடிங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

பிடித்துத் தள்ளினார். வாசல் தாண்டி, வெயில் தாண்டி, மஞ்சள் கோடு வரைக்கும், விமானத்துக்குப் பின்னால் இருப்பதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். பழம் வைக்கவில்லை. சக்கரத்தடியைக் குனிந்து பார்த்தது நான்தான், பழக்கதோஷம்.

அவள் ஏறினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், இறங்கினாள். இறங்கும்போது சக்கரம் ஒரு தடவை துள்ளியது. அது எல்லோருக்கும் துள்ளுவதுதான். நான் கை காட்டி அவளைக் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் சாவியை எடுத்து முன்னால் வைத்தாள். வாளித் தண்ணீரை மற்ற மாணவர்கள் அவள் தலையில் கவிழ்த்தார்கள்.

ஈரத்தோடேயே அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். கை நனைந்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்து இறக்கைக்கம்பியில் சாய்த்து வைத்தாள். பறந்துவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் தகப்பனார் குரல்.

"அண்ணாச்சி நாள் பாத்துக் குடுத்தாவளாம்மா? நல்ல நேரந்தான?"

அண்ணாச்சி கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டு எங்களோடுதான் நின்றார். துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"நல்ல நேரந்தான் நைனா" என்றாள் அவள். "அண்ணாச்சியே நின்னு தள்ளி விட்டாவ."